ஆறடித் தொட்டி

வீட்டிலேயே மீன் தொட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியின் கனத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். நானும் ஏமாந்தேன். ஜன்னலுக்குப் போடும் கண்ணாடியை வாங்கி, சிலிக்கான் பசை வைத்து ஒட்டி, காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முன்பக்கம் வயிறு போல் புடைத்தது. பிறகு வெடித்தது. இயற்பியல் படித்தவன் முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எஸ்.ஐ. மேடம், நீங்கள் எந்தப் பிரிவில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். கண்ணாடியை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். தொட்டியைப் பிரித்தால் அது உடைந்துவிடும்.

கனமான கண்ணாடி ஆலங்குடியில் ஒரே இடத்தில்தான் இருந்தது. பந்தல், நாற்காலியெல்லாம் வாடகைக்கு விடும் மரியசெல்வத்திடம். போய்க் கேட்டேன். "அது மட்டும் தனியா வராது மாப்ள" என்றார். அன்று அது வாடகைக்கும் போயிருந்தது. பெரியகருப்பன் வீட்டுக்கு. நானும் அங்கே போனேன்.

பெரியகருப்பன் முந்தின நாள் இறந்திருந்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதுவரை அவரை மரியசெல்வத்தின் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய கண்ணாடி அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது. அது பயன்பாட்டில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். மறுக்கவில்லை.

மாலை வாங்கிப் போயிருந்தேன். முறையாகப் போட்டேன். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. மதியம் எல்லோரும் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். நான் ரப்பர் பட்டையை உருவினேன். கண்ணாடி சுலபமாக வந்தது. பெரியகருப்பன் ஆட்சேபிக்கவில்லை.

துக்க வீட்டில் எதையாவது தூக்கிக்கொண்டு போகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. கைகொடுப்பார்கள். சாப்பிட்டு வந்த அவர் மருமகன் கணபதியே மறுமுனையைப் பிடித்தார்.

"ரிப்பேரா தம்பி? இங்கிட்டு சாச்சுப் பிடிங்க, நெலையில இடிக்கும். வெரசா கொண்டாந்துருங்க. மாமா தாங்க மாட்டாரு."

லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். அவரைக் குற்றத்தில் சேர்க்க வேண்டாம்.

பெரியகருப்பனின் மனைவி காமாட்சி அம்மாள், "பூட்டி வச்சா அவுகளுக்கு ஆகாது. எந்தப் புண்ணியவானோ தெறந்துவிட்டுருக்காக" என்றாராம். மற்றவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பார் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். அது போதவில்லை. மகன் வந்து சேர்ந்தபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்களாம். அதற்காக வருந்துகிறேன்.

நேற்று மரியசெல்வம் உங்கள் காவலருடன் வந்து தொட்டியைப் பார்த்தார்.

"பொணத்துக்கு வச்சதுல மீன் வளக்கப் போறியாக்கும்? வேற கண்ணாடியே கெடைக்கலையா ஒனக்கு?"

கிடைக்கும். புதுக்கோட்டையில் இதைவிடக் கனமாகவே வெட்டித் தருகிறார்கள்.

தொட்டி எதற்கு ஆறடி என்று கேட்டீர்கள். கண்ணாடி ஆறடி. வெட்ட மனம் வரவில்லை. அதன் வலது ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது. என் கல்யாண மோதிரத்துக் கல் போட்ட கீறல். மாசியில் என் மனைவி இசைவாணி அந்தப் பெட்டியில் இருந்தபோது கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. நான் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடையாளத்துக்காகச் சொல்கிறேன்.

தொட்டி இப்போது ஒழுகவில்லை. விளக்கும் போட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறேன். துடைக்காவிட்டால் முகம் தெரியாது.

மீனின் முகத்தைச் சொல்கிறேன். மீன் இன்னும் வாங்கவில்லை.