மண்டபத்தில் முப்பத்தோரு டிகிரி

— வா ஞானதாஸு. கல்யாணத்துக்கு வர்றவன் கையில இன்னா நைனா டூல்ஸ் பை? மொதல்ல போயி நாஷ்டா சாப்டு.

— நாஷ்டா இருக்கட்டும் வேதகிரியண்ணா. எங்க ஏசி கம்பெனி மெட்ராஸ் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு ஓடியாறேன். விடிகாலையிலேந்து இந்த மண்டபம் முப்பத்தோரு டிகிரின்னு காட்டிக்கினே கீது. ஏசி மிஷின் நிக்காம ஓடுது.

— முப்பத்தொண்ணா? அங்க பாரு, மொத வரிசையில மானாம்பதி சம்பந்தி. சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து வுட்டுக்கினு குந்திக்கினு கீறாரு.

— அதாண்ணா எனக்கும் புரியல.

— நிச்சயதார்த்தத்துல அவரு இன்னா சொன்னாரு தெரியுமா, நாலு பேரு எதிர்ல? மண்டபத்து ஏசி ஆப்பரேட்டர்னா சுச்சு போடறவன்தானேன்னு என்னியப் பாத்துச் சொன்னாரு. என் பொண்ணு தமிழ்ச்செல்வி அப்ப குனிஞ்ச தலைதான், அப்புறம் நிமிரவே இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணேன். கல்யாணத்தன்னிக்கி இவருக்கு ஒரு சொட்டு வேர்க்கக் கூடாது.

— அதுக்கு இன்னா பண்ணீங்க?

— மாப்ள ரூம் செவுத்துல கீற, குளுரு கூட்டிக் கொறைக்கிற பொட்டியைக் காட்டி, நீங்களே வெச்சிக்கோங்க சம்பந்தின்னேன். கண்ணாடியைப் போட்டுக்கினு இருபத்தி ரெண்டு வெச்சாரு.

— அது சும்மா பொட்டி ஆச்சேண்ணா. நம்பர் மட்டுந்தான் மாறும். ரெண்டு வூட்டுக்காரங்களும் குளுரு பத்தல, ஜாஸ்தின்னு சண்ட போடக் கூடாதுன்னு நாந்தானே மாட்டுனேன்.

— அவருக்குத் தெரியுமா அது? அப்புறம் என் ரூமுக்குப் போயி, என் பொட்டியில நானும் இருபத்தி ரெண்டு அழுத்துனேன்.

— இன்னாங்க, ஜோடி குத்துவெளக்குல ஒண்ணைத் தூக்கினு போயி அந்தத் தூணாண்ட வெச்சிக்கீறீங்க? மணவறையில ஒண்டியா நிக்குது இன்னொண்ணு. ஐயரு கேக்கறாரு.

— அங்கியே இருக்கட்டும் செல்லம்மா. எண்ணெ கொறையாம மட்டும் பாத்துக்கினு இரு. போ, நம்ம பொண்ணுக்குப் பூ வெச்சாச்சான்னு பாரு.

— அண்ணா, நல்ல நாள் அதுவுமா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.

— சொல்லு.

— உங்க ரூம் பொட்டிக்கும் ஒயரு கெடையாது. ஆடி மாசம் போன் லைன் இழுத்தோமே, அன்னியிலேந்து குளுரு கூட்டறது கொறைக்கிறது எல்லாம் மெட்ராஸ்லதான். அங்க இருபத்தாறுல பூட்டி வெச்சிக்கீறாங்க. உங்க பொட்டியைக் கழட்டுனா மனசு வுட்டுருவீங்கன்னு, மண்டபத்து மொதலாளிதான் அப்படியே இருக்கட்டும்னாரு.

— தெரியும் நைனா.

— எப்போலேந்து?

— ஆடியிலேந்தே. அழுத்துனா மிஷின் சத்தம் மாறணும் இல்ல? மாறல. சொன்னா மொதலாளி சங்கடப்படுவாரேன்னு நானும் தெனம் அழுத்திக்கினு கீறேன்.

— அப்போ இந்தக் குளுரு எங்கேந்து வருது?

— சூட்டை அளந்து மெட்ராஸுக்குச் சொல்ற வெள்ளை டப்பா ஒண்ணு மாட்டுனியே. எங்க மாட்டுன?

— அந்தத் தூணுல... அண்ணா. வெளக்குக்கு நேரா மேல.

— மெள்ளப் பேசு. தாலி ஏறுற வரைக்கும் மெட்ராஸுக்கு இங்க முப்பத்தொண்ணுதான்.