கடல் தெரியாத பக்கம்

மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெண் தன் கணவரிடம் சொன்ன ஒரு வார்த்தையில் என் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

"மெட்ராஸ்ல எனக்குக் கடலை மட்டும் காட்டிடாதீங்க!"

புதிதாக மணமானவர்கள். பினாங்குக்குக் கப்பலேறுமுன் பட்டணத்தில் மூன்று நாள் தங்கப் போகிறார்கள்.

"என்ன புள்ள, ஊரே அந்தக் கடற்கரையப் பாக்கத்தான் போவுது."

"பொறந்ததுலேர்ந்து பாத்த கடலுதானே? கப்பல்லயும் அதுதான். எனக்கு உயிர்க் காலேஜுல புலி பாக்கணும். அப்புறம், லாட்ஜுல ரூம் எடுங்க."

"லாட்ஜா? சித்தப்பா வீடு இருக்கையில லாட்ஜுல தங்குனா ஊரு சிரிக்கும்."

அவள் குரலைத் தணித்தாள். நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன்.

"இங்க ஒங்க வீட்டுல ஒம்பது பேரு. பினாங்குல ஒங்க அண்ணன் வீட்டுல ஏழு பேரு. கல்யாணமாகி நாம தனியா உக்காந்து பேசுனதே இல்ல. இந்த மூணு நாளுதாங்க நமக்கு."



"கார்டு எழுதிட்டேனே. சித்தப்பா எழும்பூர் ஸ்டேஷனுக்கே வந்து நிப்பாரு."

"எழுதுனீங்க. தபால்ல போடச் சொல்லி எங்கிட்டல்ல குடுத்தீங்க?"

பைக்குள் கைவிட்டு, அந்தக் கார்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அடிப்பாவி! சரி, ரூமு மாடியிலயா, கீழயா?"

"மாடியில. கடல் தெரியாத பக்கமா."