பின்சீட்டு யோகம்

புல்லட்டை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன் ஐயா. அந்த மரத்தில் காக்கைகள் ஜாஸ்தி என்று வாசலில் நின்ற ஏட்டு சொன்னார். நான் எழுதி முடிப்பதற்குள் டாங்க்கின் மேல் எச்சம் விழுந்தால் யாரையாவது விட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காயவிட்டால் பெயிண்ட் போய்விடும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதாயிற்று, பேசினால் நான் வேறு எங்காவது போய்விடுவேன். என் பெயர் தருமன். வீடு வேங்கிக்காலில், மோட்டார் பம்ப் கடை கீழ்பென்னாத்தூரில். மனைவி ரேணுகாம்பாள் அங்கன்வாடி டீச்சர். ஒரே மகள் கவிநிலா, சென்னையில் வேலை பார்க்கிறாள். நீங்கள் உள்ளே உட்கார வைத்திருக்கிற மெக்கானிக் புகழேந்தி ஒரு பாவமும் அறியாதவன். என் மனைவியின் ஸ்கூட்டரில் பிரேக் நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டான் என்று என் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். அவன் ஒழுங்காகத்தான் முடுக்கியிருந்தான். அதைச் சொன்னால் அவனை அனுப்பிவிடுவீர்கள் என்று நம்பி வந்தேன். நீங்கள், "அப்ப யாருதான் கழட்டினது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் வண்டிகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வண்டி ராஜ்தூத். நான் அப்போது கட்டைப் பிரம்மச்சாரி. தேரடி வீதியில் அதை ஒரு சுற்று விட்டால் பூக்கடைக்காரர்கள் பேரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு நாலு சுற்று சுற்றுவேன். பின்சீட்டில் மட்டும் ஃபுட்வால்வும் பிவிசி பைப்பும் பயணம் செய்துகொண்டிருந்தன. பின்சீட்டு எதற்காக இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அடுத்தது யெஸ்டி. அது வந்த வருஷம்தான் கல்யாணம். மாமியார் வீட்டு விருந்துக்குப் போகும்போது ரேணு ஒருக்களித்து உட்கார்ந்து, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு நடுவில் ஒரு பலகாரக் கூடை வேறு. அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது ஐயா. வண்டி தூக்கிப் போட்டதும் அவள் கம்பியை விட்டுவிட்டு என் இடது தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியை என்னவென்று எழுதுவது? ஒரு உயிர் முழுசாக என்னை நம்பித் தொங்குகிறது என்று அந்த நிமிஷம் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு ரோட்டில் ஒரு பள்ளத்தையும் நான் ஒதுக்கி ஓட்டியதில்லை.

அந்த யெஸ்டியில்தான் ஒரு நாள் விடிகாலையில் கிரிவலப் பாதையைச் சுற்றி வந்தோம். அடி அண்ணாமலை தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத இடம். ரேணு என் காதருகே குனிந்து, "ஏங்க, ஒரே ஒரு வாட்டி நான் ஓட்டிப் பாக்கட்டா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அங்கன்வாடியில் வேலை கிடைத்ததும் அவளுடைய அண்ணன் பரசுராமன் ஒரு மொபெட்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். ரேணு அதில் ஏறி உட்கார்ந்து பாவாடை சட்டை போட்ட பெண்ணைப் போலச் சிரித்தாள். மறுநாள் காலையில் என் தோள் வெறுமையாக இருந்தது. கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அதனால் பெட்ரோல் டியூபுக்குள் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டை வைத்தேன். ஆபத்தில்லாத வேலை. வண்டி ஜோராகக் கிளம்பும், பாதி வழியில் மூச்சடைத்து நிற்கும். அவள் வெயிலில் தள்ளிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் நான் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து அவளை ஏற்றிக்கொள்வேன். வேர்வையில் நனைந்த கை என் தோளில் விழும்.

எங்கள் வீட்டில் யாராவது அந்த டியூபைக் கழற்றிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. மாமியார் ராஜம்மாள் நேராக நம்பர் பிளேட்டுக்குப் போய்விட்டார். "கூட்டிப் பாருங்க மாப்ள, எட்டு வருது. எட்டு வந்தா வண்டி எப்டி ஓடும்?" என்றார். ஜோசியரிடம் போனோம். அவரை நான் முன்தினமே ஒரு தட்டுப் பழத்தோடு பார்த்து, என் கவலையைச் சொல்லியிருந்தேன். அவர் ஜாதகத்தை ஆற அமரப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ரெண்டு சக்கரத்துல முன்னாடி குந்தக்கூடாதுங்க. பின்னாடி குந்தினா யோகம்" என்றார். எனக்கு அந்த வார்த்தை அப்படியே பிடித்துப்போனது.

ரேணுவுக்கு மேற்பார்வையாளர் வேலை தேடி வந்தது அதற்குப் பின்புதான். பத்துப் பதினைந்து கிராமம் சுற்ற வேண்டும், சொந்தமாக வண்டி ஓட்டாமல் முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அந்த வாரமே எனக்கு ஒரு ஆர்எக்ஸ் நூறு வாங்கினேன். அது சிட்டாகப் பறக்கும். அவளுக்குத் தோளை மட்டும் பிடித்தால் போதவில்லை, சட்டையையும் சேர்த்துப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு வந்த புல்லட்டில் டாங்க்கின் மேல் கவிநிலா, பின்னால் ரேணு. கார்த்திகை தீபத்துக்கு ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, நாங்கள் மூன்று பேரும் சந்து சந்தாகப் புகுந்து போன நாட்கள் இருக்கிறதே, ராஜாவுக்கும் வாய்க்காது. பெட்ரோல் விலை ஏறியபோது கொஞ்சநாள் ஒரு ஸ்ப்ளெண்டர். இப்போது மறுபடியும் புல்லட், மரத்தடியில் நிற்பது. மொத்தம் ஆறு வண்டி. ராஜ்தூத் போக மற்ற ஐந்திலும் என் மனைவி ஒரு கீறல்கூடப் படாமல் இறங்கியிருக்கிறாள். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் கவிநிலா லீவில் வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அம்மாவை மைதானத்துக்கு அழைத்துப் போனாள். ஒரே வாரம் ஐயா. ஐம்பத்தெட்டு வயதுக்காரி தனியாக ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினாள். வீட்டுக்குள் வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னிடம் சொன்னாள்:

"பின்னாடி குந்தினா உங்க முதுகுதாங்க தெரியும். இன்னிக்குத்தான் மலைய முழுசா பாத்தேன்."

என் முதுகுக்கு என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கவிநிலா தெரிந்தவர்களிடம் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினாள். புகழேந்தி அதைப் பிரித்து மேய்ந்து, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தான். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எப்போதும் என் வேலை. வீட்டில் எந்த வண்டி வந்தாலும் நான்தான் வைப்பேன். எலுமிச்சம்பழத்தோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருப்பவனை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. அதுவும் கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

கையடக்க ஸ்பேனர் ஒன்று என் வேட்டி மடிப்பில் இருந்தது. பழைய மாடல் ஸ்கூட்டர் என்பதால் முன் பிரேக், பின் பிரேக் இரண்டுமே தலா ஒரு நட்டில்தான் நிற்கின்றன. முழுவதும் கழற்றினால் கோயில் வாசலிலேயே தெரிந்துவிடும். அதனால் இரண்டையும் கடைசி மரையில் தொங்குகிற மாதிரி விட்டேன். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் தானாகக் கழன்றுவிடும். தெருவில் இருக்கும் வேகத்தடைகளை எண்ணிப் பார்த்தேன், ஏரிக்கரைத் திருப்பம் வரைக்கும் தாங்கும் என்று தெரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக நட்டு போல்ட்டோடு புழங்குகிறவன், எனக்கு இது தெரியாதா?

"எலுமிச்சம்பழம் வெக்க இவ்ளோ நேரமாப்பா?" என்று கவிநிலா கேட்டாள்.

"தரை சரிவா இருக்குதும்மா, பழம் உருளுது" என்றேன்.

ரேணு பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், மனதாரத்தான் தட்டினேன். பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக அவ்வளவு அழகாக இருந்தாள்.

புல்லட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன். அவளைப் பின்னாலிருந்து பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திருப்பத்தில் எதிரே ஒரு வேன் வந்தது. அவள் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை. வேனுக்கு விலகி, சிறுபாலத்துச் சுவரில் போய் மோதினாள்.

பயம் காட்ட மட்டும்தான் நினைத்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அவள் என் தோளை விடவில்லை. நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

இடது முட்டியில் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். மடங்காத காலோடு பின்சீட்டில் உட்கார முடியாது. அதைக் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அப்புறம்தான் சைடுகார் யோசனை வந்தது. புல்லட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி, மெத்தை வைத்து, கால் நீட்ட இடம் விட்டு. கையை நீட்டினால் என் தோள் எட்டும் உயரம்கூட அளந்து கொடுத்துவிட்டேன். புகழேந்தி பாதி வெல்டிங் முடித்திருந்தான். அந்த நேரம் பார்த்து நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். இந்த ஊரில் வேறு யாரிடமும் என் புல்லட்டைத் தொடக் கொடுக்க முடியாது. நான் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. நேற்று ரேணுவிடம் சைடுகாரைப் பற்றிச் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் வேணாங்க. கவிநிலா அந்த ஸ்கூட்டருக்கே ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்சுத் தரச் சொல்லிட்டா. வர்ற வெள்ளிக்கிழமை வந்துடும்" என்றாள்.

"ஜோசியர் சொன்னது மறந்துபோச்சா?" என்றேன்.

அவள் சிரித்தாள் ஐயா. முதல் மொபெட்டில் உட்கார்ந்தபோது சிரித்த அதே சிரிப்பு. "ரெண்டு சக்கரம்தானே எனக்கு ஆகாதுனாரு? இது நாலு சக்கரம்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "இந்தத் தடவ எலுமிச்சம்பழத்த நானே வெச்சுக்கறேங்க" என்றாள்.

எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாள். எப்போதுமே அப்படித்தான், எல்லாவற்றிலும் என்னைப் பற்றித்தான் நினைப்பாள். ஆனால் முட்டி மடங்காதவள் சக்கரத்துக்கு அடியில் எப்படிக் குனிவாள்?

புகழேந்தியை இன்றே அனுப்பிவிடுங்கள். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் கோயிலுக்கு அனுப்பிவையுங்கள். நாலு சக்கரத்துக்கு நாலு பழம், வேறொன்றும் இல்லை. அவள் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்கிற அக்கறை என்னைவிட யாருக்கு இருக்கும்? பழம் வாங்கிப் புல்லட் பெட்டியில் வைத்துவிட்டேன், ஸ்பேனருக்குப் பக்கத்தில்.