நீலமும் கறுப்பும்

நீலமும் கறுப்பும் ஒண்ணாம் சார்! ஒண்ணாம்! மீனப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு காலேஜ் பொண்ணு நேத்து லைப்ரரில நின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. நம்ம ஏரில கிடக்கே பாஸ்னு ஒரு மீனு, அதுக்கு சிவப்பு நல்லாத் தெரியுமாம், பச்சை தெரியுமாம்... அத்தோட சரி. கருநீலத்தையும் கறுப்பையும் காட்டினா எது எதுன்னு தெரியாம முழிக்குமாம். பளீர் மஞ்சளும் வெள்ளையும்கூட அதுக்கு ஒரே மாதிரிதானாம். தொட்டில மீனப் போட்டு மாசக்கணக்கா பழக்கிப் பாத்திருக்கு. வேற வேலை இல்ல பாருங்க!

அட, இந்தப் படகுத்துறைப் பலகைல உக்காருங்க சார். முனை வீட்டுக்குப் புதுசா குடிவந்தவருதானே? நான் வென்டெல். அவிச்ச கடலை எடுத்துக்கங்க, சூடு ஆறல.

இந்தப் பெட்டியப் பாருங்க. அத்தனையும் ரப்பர் புழு. தூண்டில்ல மாட்ட. இது ஊதா, வெள்ளி மினுக்கு. இது... இதுவும் ஊதாதான், ஆனா தங்க மினுக்கு! வித்தியாசம் தெரியலையா? வெயில்ல சாய்ச்சுப் பிடிங்க. ஆங்! மேகம் போட்டா இது, வெயிலடிச்சா அது. கலங்கல் தண்ணிக்குத் தனி, தெளிஞ்ச தண்ணிக்குத் தனி. முப்பது வருஷப் படிப்பு சார் இது. மீனு படிக்கலன்னா நான் என்ன பண்ண?

ஏர்லீன் இருக்காளே, என் வீட்டுக்காரி... கல்யாணமான நாள்லேருந்து ஒரே கறுப்புப் புழு. வெயிலா? கறுப்பு. மழையா? கறுப்பு. "வென்டெல், மீனு உன் பெட்டியப் பாக்கவா வருது?"ன்னு ஒரு கேள்வி வேற. அதையும் நாலு பேர் முன்னாடி கேப்பா!

போன மாசம் தீயணைப்புக்காரங்க இந்த ஏரில மீன்பிடி போட்டி வச்சாங்க. நீங்க அப்ப வரல. படகுக்கு ரெண்டு பேர். நானும் அவளும். மொத நாள் பேஞ்ச மழைல தண்ணி டீ மாதிரி கிடக்கு. பதினோரு தடவ புழு மாத்தினேன் சார். ஒண்ணு வந்து மோந்துகூடப் பாக்கல. அவ? ஒரே வீச்சு... ஒம்பது பவுண்டு! என் தொடை தண்டி! வலை போட்டுத் தூக்கினது யாரு? நான். பேப்பர்ல போட்டோ யாருது? அவளுது. என் முழங்கை மட்டும் ஓரத்துல தெரியுது. மேல கொட்டை எழுத்துல "கறுப்புப் புழு ராணி"ன்னு! இப்ப கடைல கறுப்புப் புழுவே கிடையாது. அலபாமா மாநிலமே அள்ளிட்டுப் போயிருச்சு.

ஆனா அது கறுப்பு இல்ல சார்.

எப்படித் தெரியும்னா... ம்... கடலை எடுத்துக்கங்க... நான்தானே மாத்தி வச்சேன்! காலைல அவ காபி ஊத்துறப்ப, அவ புழு பாக்கெட்லேருந்து கறுப்பையெல்லாம் உருவிட்டு கருநீலத்தத் திணிச்சேன். கலங்கல்ல நீலம் எடுபடாதுன்னு நெனச்சேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவ வெறுங்கையோட கரையேறட்டுமேன்னு... அப்படிப் பாக்காதீங்க சார். முப்பத்தோரு வருஷம் தோத்துப் பாருங்க, அப்பத் தெரியும்.

இன்னொண்ணு... அவளுக்குத் தெரியும். படகுல புழுவ எடுத்தா. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா. அதையே முள்ளுல கோத்து வீசிட்டா! அன்னிலேருந்து ஒரு வார்த்த... ஏன் செஞ்சேன்னு கேட்டாளா? கேட்டா ஒத்துக்குவேன்ல! கேக்க மாட்டேங்குறா சார். சனிக்கிழமையானா அவ அக்கா ஒடெஸாவ ஏத்திக்கிட்டு ஏரிக்குள்ள போயிடுறா. நான் இந்தப் பலகைல உக்காந்து கடலை உரிக்கிறேன்.

அதோ... மோட்டார் சத்தம். அவங்கதான். ஒடெஸா எறங்குறா... கொஞ்சம் தள்ளிக்கங்க சார், இப்பச் சொல்லலன்னா என்னைக்கும் சொல்ல மாட்டேன். ஏர்லீன்! ஏய், ஏர்லீன்! நான்தான் மாத்தினேன்! உன் புழுவ! நீ தோக்கணும்னுதான்! ...மோட்டார நிறுத்து, கேக்கலையா? நான்தான்! வேணும்னேதான்!

...என்ன?

கேட்டீங்களா சார்? "இதச் சொல்ல ஒரு மாசமா?"ங்கிறா. ஏறச் சொல்றா சார்! ஆனா வாயத் திறக்காம வர்றதுன்னாதான் ஏறணுமாம். பகல் பூரா! நீங்களே சொல்லுங்க, என்னப் பாத்தா ஓயாம பேசுறவன் மாதிரியா...

சார்?

எங்க போனாரு மனுஷன்?