கதவு நம் பக்கம்

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே! அளந்து அளந்து கோடு போட்டுத் தந்த ஓவியர் அவர்களே! ஏணியைப் பிடித்தபடியே எங்களுக்கு யோசனைகளை வாரி வழங்கிய பெரியோர்களே! நகக்கண்ணில் இன்னும் நீலம் போகாத தாய்மார்களே! சட்டையெல்லாம் சாயமாய்ச் சிரித்து நிற்கும் செல்வங்களே! பெற்றோர் சங்கத்தின் சார்பில், தையற்காரி நான், தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

கை தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரை மட்டும் தட்டிப் பார்க்காதீர்கள், மேல்பூச்சு இன்னும் காயவில்லை!

அழுக்கேறிக் கிடந்த சுவர் இது. ஒட்டிய தாள்களைக் கிழித்துக் கிழித்துப் புண்ணாகிப் போன சுவர் இது. இன்றோ மரம் நிற்கிறது, மழை பொழிகிறது, மீன் துள்ளுகிறது! கோடு போட்டவர் ஓவியர். வண்ணம் நிரப்பியவர் யார்? கத்தரி பிடித்த கை, கரண்டி பிடித்த கை, கணக்கு எழுதும் கை, காய்கறி நிறுக்கும் கை!

ஆனால் அந்த மூலையில் சிவப்பாய் ஒரு பேருந்து நிற்கிறதே, அதற்கு மட்டும் ஓவியர் கோடு போடவில்லை. ஐந்தாம் வகுப்பில் நம் பேருந்து ஓட்டுநரின் மகள் படிக்கிறாள் அல்லவா? அவர்தான், "பஸ்ஸ மட்டும் என்கிட்ட விட்டுடுங்க சார்" என்று கேட்டு வாங்கி, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வரைந்தார்.

மறுநாள் பள்ளியே சிரித்தது. ஏன்? வண்டி நமக்கு வலப்பக்கமாக, பள்ளி வாசலை நோக்கிப் போகிறது. அப்படிப் போகிற வண்டிக்குக் கதவு மறுபக்கம் அல்லவா வர வேண்டும்? நம் கண்ணுக்கு ஜன்னல்கள் மட்டும்தானே தெரிய வேண்டும்? இவரோ கதவைத் தூக்கி நம் பக்கம் வைத்துவிட்டார்! "உங்கப்பா நெஜமாவே டிரைவர்தானா?" என்று வகுப்பே அந்தப் பெண்ணைப் பிய்த்து எடுத்தது. மாலையில் அழைத்துப் போக வந்த அப்பாவை, யாரோ எவரோ என்பது போலத் தாண்டி நடந்தாள். நான் பார்த்தேன்.

அடுத்த நாள் அவரே ஒரு டப்பா வெள்ளைப் பூச்சோடு வந்து நின்றார். ஓவியர் தடுத்துச் சொன்னார்: "முழுசா அழிக்க வேணாங்க. கதவ மட்டும் எடுத்துட்டு ஜன்னல் வெச்சிடறேன்."

என் வாய் சும்மா இருக்குமா? (அதோ, என் வீட்டுக்காரரே தலையாட்டுகிறார் பாருங்கள்!) "ஏண்ணே, தினமும் ஓட்டுற வண்டி. கதவு எந்தப் பக்கம்னு தெரியாமயா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. மொதல்ல சரியாத்தான் போட்டேன். வெறும் ஜன்னலா இருந்துச்சு. புள்ளைங்க எல்லாம் இந்தப் பக்கம்தானே நிக்குதுங்க. எப்படி ஏறும்?"

அவையோரே! வண்டியை மட்டும் பார்த்தவர்கள் நாம். ஏறப்போகும் பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். இதையா அழிப்பது? இதையா திருத்துவது?

எங்கள் பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, தெரியாது. ஓவியர் கையிலிருந்த தூரிகையை வாங்கினாள். "கதவு வெச்சீங்க, படி வெக்கலையேப்பா? ஒண்ணாங் கிளாஸ் பசங்களுக்கு எட்டாதுல்ல?" என்றாள். தரையில் உட்கார்ந்து மஞ்சளில் ஒரு படி வரைந்தாள். அப்பா பக்கத்தில் வண்ணக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல எனக்கென்ன வெட்கம், நான் அழுதேன்.

நாளை யாரேனும் ஒரு மேதாவி வந்து, "இது தப்பு" என்பார். "ஆமாம், தப்புதான்" என்று சொல்லுங்கள். தூரிகையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்! பள்ளி என்பது என்ன? கதவு பிள்ளைகள் பக்கம் இருக்க வேண்டிய இடம்! அந்தக் கதவை அடைக்க எவர் வந்தாலும், முதலில் எங்களைத் தாண்டி வரட்டும்!

இடைவேளையில் போய்ப் பாருங்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ஒன்றாம் வகுப்பு வரிசை கட்டி நிற்கிறது. ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதட்டுகிறாள்: "தள்ளாதீங்க, எல்லாருக்கும் எடம் இருக்கு. எங்கப்பா பஸ்ஸு இது!"

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்!