வைமோவானாவுக்குப் பாய் சுற்றிய காலை

மணப்பெண்ணுக்கு எண்ணெய் பூசுகிறவளின் கை குளிர்ந்திருக்கக் கூடாது. அன்று காலையில் என் கைகளை வெந்நீரில் வைத்திருந்துவிட்டுத்தான் வைமோவானாவைத் தொட்டேன். அவள் என் தம்பி செமிசியின் மகள். டோங்காவில் ஒரு பெண்ணுக்கு அப்பாவைவிட அத்தை பெரியவள். உங்களுக்குத் தெரியாததா, இன்ஸ்பெக்டர். அத்தை வேண்டாம் என்றால் கல்யாணம் நின்றுவிடும்.

அப்படியிருக்க கல்யாணம் வேண்டாமென்று ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது, உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன்.

தாயில்லாத பிள்ளை. தவழும் வயதிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தாள். சின்னதில் வந்த காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்துவிட்டது. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவள் நான். மாப்பிள்ளை பெனிசிமானி நல்ல பையன்தான். ஆனால் கடல் தாண்டி, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வீடு பார்த்துவிட்டான்.

"அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்காம் அத்தே. இனி என்னை அவங்க பாத்துக்குவாங்க, உங்களுக்கு ரெஸ்ட்டு" என்றாள் சிரித்துக்கொண்டே.

கல்யாண வாரம் அவளுடைய மாத்திரைச் சிமிழில் இதய மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். வேலை மும்முரத்தில் மாறிவிட்டது என்று நேற்று சொன்னேன். மாறவில்லை.

அன்று காலை கல்யாண உடுப்பாக முதலில் மரப்பட்டைத் துணி. அதன்மேல் எங்கள் குடும்பத்துப் பழைய பாய்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக, மார்பை இறுக்கிச் சுற்றினேன்.

"அத்தே, என்னைப் பார்சல் கட்டியா அனுப்பப் போறீங்க?"

"ஆமாண்டி, ஸ்டாம்பு ஒட்டுறதுதான் பாக்கி."

அறையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாதியில் மூச்சு நின்று திரும்பியது.

"கொஞ்சம் தளத்துங்க அத்தே. முட்டுது."

"கல்யாணப் பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கும். நிமிந்து நில்லு."

தென்னைநார்க் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இழுத்துக் கட்டினேன். விழாமலிருக்க என் தோளையே பிடித்துக்கொண்டாள்.

தேவாலயத்தில் பாட்டு முடிவதற்குள் சரிந்தாள். "கயித்த அறுங்க!" என்று பெனிசிமானி அலறினான். செமிசி கத்தியோடு ஓடிவந்தான்.

"பாய வெட்டிடாத, செமிசி. முடிச்ச நானே அவுக்குறேன்" என்றேன்.

கத்தியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா பேச்சை மீறி அவனுக்குப் பழக்கமில்லை. நான் நிதானமாக அவிழ்த்தேன். கடைசிச் சுற்று பிரிந்தபோது அவள் உடம்பு என் மடியில் முழுப் பாரமாக இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். ஆனால் அவள் என்னை வெறுத்திருப்பாள். அந்த வெறுப்போடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

இப்போது தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் போய்க் குழிமேல் வெள்ளை மணல் பரப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். இதுவரை ஒரு நாள்கூட அவள் என்மேல் கோபித்துக்கொண்டதில்லை.