கைதட்டும் இடம்

லாங் ஐலண்ட் தீவுக்குப் போகும் போட்டில் எனக்கு முன் பெஞ்சில் மர மில் கிளார்க் ஒருவர், மளிகைக்கடை பாயிடம் குமுறிக்கொண்டிருந்தார்.

"புது மேனேஜர் சாப் எங்க மானத்தை வாங்கிட்டாரு பாய்."

"ஏசிட்டாரா?"

"ஏசியிருந்தாத் தேவலையே! மெயின்லேண்டுலேருந்து எந்த சாப் வந்தாலும் முதல்நாள் பேச்சு நான்தான் எழுதிக் கொடுப்பேன். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்.' அஞ்சு சாப்பும் அதையேதான் படிச்சாங்க."

"இவரு?"

"காகிதத்தை மடிச்சுப் பையில வச்சுட்டாரு. 'உங்க குறை என்ன, நீங்க சொல்லுங்க'ன்னுட்டாரு."

"நல்ல மனுசனாத் தெரியுதே! யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவா? எங்க கைதட்டணும்னே யாருக்கும் புரியலை. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான் தட்டினேன். எல்லாரும் தட்டினாங்க. சாப் உட்கார்ந்துட்டாரு."